பழைய சொகுசு பிக்கப் வாங்கப் போறீங்களா? மூக்கண்டப்பள்ளி பட்டறையில் ஒரு காலைப் பொழுது!

"அண்ணா, உங்க மச்சான் பிக்கப் வாங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. பணத்துல பாதி என் நகையை வெச்சு வாங்கின கடன். நீயும் கூடப் போய் வண்டியைப் பாரு. அவர் வண்டியைப் பார்க்க மாட்டாரு, பளபளப்பைத்தான் பார்ப்பாரு!"

ஒரு சனிக்கிழமை இரவு தங்கச்சியிடமிருந்து வந்த போன் இது. மறுநாள் காலை ஓசூரில் இருந்தேன்.

மச்சானுக்கு மூக்கண்டப்பள்ளியில் வீடு. சிப்காட்டில் வேலை. பேரிகைப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற கொஞ்சம் நிலம். வாரத்தில் மூன்று நாளாவது தோட்டத்துக்குப் போக வேண்டும். போகும்போது உர மூட்டை, வரும்போது தக்காளி கிரேட். கூடவே பெண்டாட்டி, பிள்ளைகள், அம்மா. காரில் மூட்டை ஏற்ற முடியாது, மினி லாரியில் அம்மாவை ஏற்ற முடியாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வண்டி, அதுவும் கம்பீரமாக வேண்டும் என்றால் டபுள் கேப் பிக்கப்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

இந்த ஆசை நம் ஊருக்குப் புதிதில்லை. 2007-ல் மஹிந்திரா, ஸ்கார்ப்பியோவின் முதுகை வெட்டி 'கெட்அவே' கொண்டுவந்தது. 2009-ல் டாடா 'ஸெனான்' இறக்கியது. இரண்டுமே பெரிதாகப் போகவில்லை. 'லாரியா, காரா?' என்று நம் ஆட்கள் குழம்பினார்கள். 2016-ல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்சாலையிலிருந்து இசுஸு 'டி-மேக்ஸ் வி-கிராஸ்' வந்த பிறகுதான் பிக்கப்புக்கு ஒரு மவுசு வந்தது. அறிமுக விலை 12.49 லட்சம். 2022-ல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தபோது ஆரம்ப விலையே 33.99 லட்சம்! இன்று இந்த ரகத்தில் புதிதாக ஒன்றை ரோட்டுக்குக் கொண்டுவர 30 லட்சத்தை ஒட்டிச் செலவாகும். ஏழெட்டு வருடம் ஓடியது என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். மச்சான் விழுந்தது இந்தக் கணக்கில்தான்.

"30 லட்ச ரூபா வண்டி 9 லட்சத்துக்கு வருது மச்சான்!"

அவர் கைவசம் இருந்தது மொத்தம் 10 லட்சம். அதில் 5 லட்சம் நகைக்கடன்.

"வண்டி பழசு, ஸ்பேர் புதுசு!"

மச்சானின் போனில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, பெங்களூரில் நிற்கும் கே.ஏ. நம்பர் வண்டி, 8.25 லட்சம். இன்னொன்று, டி.என். 70 நம்பர், ஓசூரிலேயே ஒரு புரோக்கரிடம் இருந்தது, 9.25 லட்சம். இரண்டும் 2017 மாடல். லட்ச ரூபாய் குறைவு என்பதால் பெங்களூர் வண்டியின் மேல்தான் மச்சானுக்குக் கண். நேராக அவருக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம்.

மூக்கண்டப்பள்ளியின் உள்சாலை ஒன்றில் இருக்கிறது அந்தப் பட்டறை. இந்த வட்டாரத்தில் ஒரு வசதி உண்டு. சுற்றிலும் வாகனத் தொழிற்சாலைகள், அவற்றுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்ன யூனிட்கள், தெருவுக்கு ஒரு லேத். ஒரு புஷ் கிடைக்கவில்லை என்றால் கடைந்துகொடுக்க ஆள் இருக்கிறது. மெக்கானிக்குக்கு வயது ஐம்பதைத் தொடும். எங்களிடம் தமிழ், பையன்களிடம் தெலுங்கு, போனில் கன்னடம் என்று மூன்றும் ஒரே மூச்சில் பேசினார். ஓசூர்க்காரர்களுக்கு இது சாதாரணம்.

கே.ஏ. வண்டியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"அண்ணா, அத்திப்பள்ளி தாண்டி வர்ற வண்டிக்கு நம்ம ஊர்ல வரி கட்டணுமே, அதைக் கணக்குல சேர்த்தீங்களா?"

சேர்க்கவில்லை. எல்லையில் வசிக்கும் பலரும் இதைச் சேர்ப்பதில்லை. கர்நாடக வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலில் அந்த ஊர் ஆர்.டி.ஓ-விடம் ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்று. பிறகு இங்கே ஃபார்ம் 27. பழைய கடன் இருந்தால் அதை நீக்க ஃபார்ம் 35. இதெல்லாம் அலைச்சல்தான், செலவு பெரிதில்லை. ஆனால் ஆயுள் வரி? வண்டியின் விலையையும் வயதையும் வைத்துப் போடுவார்கள். இந்த மாதிரி விலை அதிகமான வண்டிக்கு அது லட்சத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்படக் கூடாது. கர்நாடகாவில் முன்பு கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், முதலில் இங்கே கையிலிருந்து கட்டிவிட்டுத்தான் அங்கே கேட்க வேண்டும். ஆக, லட்ச ரூபாய் மலிவு என்பது ஜுஜுவாடி வருவதற்குள் கரைந்துவிடும்.

தில்லிப் பதிவு வண்டிகளும் இப்படித்தான். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து, வயதான டீசல் வண்டிகள் தெற்கே வந்துகொண்டிருக்கின்றன. விலை கேட்டால் மயக்கம் வரும். வரியையும் சேர்த்துக் கேட்டால் தெளிந்துவிடும்.

"டி.என். வண்டியையே பார்ப்போம். ஆனா ஒண்ணு அண்ணா... வண்டி பழசானா விலை குறையும். ஸ்பேர் விலை குறையாது. 9 லட்சத்துக்கு வாங்கினாலும் இதுக்கு 30 லட்ச ரூபா வண்டியோட ஸ்பேர்தான் போடணும்."

அன்று நான் கேட்டதிலேயே முக்கியமான வாக்கியம் இதுதான். மச்சான் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. டி.என். வண்டியின் அலாய் வீல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் முதல் ஸ்டார்ட்

புரோக்கரிடம் முதல் நாளே சொல்லிவைத்தோம்: "நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." மறுநாள் காலை போனபோது மெக்கானிக் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடுமாம்.

சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று முறை உறுமிவிட்டுத்தான் பிடித்தது. ஐடிலிங்கில் ஆர்.பி.எம். முள் லேசாக ஏறி இறங்கியது. எனக்கு எதுவும் தெரியவில்லை. மெக்கானிக் தலையை ஆட்டினார்.

இந்தக் கால டீசல் இன்ஜின்களெல்லாம் காமன் ரெயில் ரகம். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரை பார் அழுத்தம் இருக்கும். காமன் ரெயிலில் டீசல் 1,500 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தத்தை உண்டாக்கும் பம்ப்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று தீர்மானிப்பது 'சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு' என்ற சின்னச் சாமான். ஜப்பானிய டீசல் பிக்கப்களில் வயதானால் மக்கர் செய்யும் பாகங்களில் இது முக்கியமானது. ஐடிலிங் ஏறி இறங்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துபோகும், மேட்டில் திடீரென்று இழுவை இல்லாமல் போகும். 'பம்ப்பே போச்சு' என்று சொல்லி 70, 80 ஆயிரத்துக்குப் பில் போடும் இடமும் உண்டு. வால்வு, டீசல் ஃபில்டர், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 15 ஆயிரத்துக்குள் முடிந்துவிடும் விஷயம் பல நேரங்களில் அது. பம்ப்பைக் கழற்றச் சொல்லும் முன் வால்வை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர் அப்படியில்லை. நான்கு சிலிண்டருக்கு நான்கு. புதிது ஒன்றுக்கே 25 ஆயிரத்துக்கு மேல் ஆகும். ரீகண்டிஷன் செய்தால் 8 முதல் 12 ஆயிரம் வரை. இன்ஜெக்டருக்கு முதல் எதிரி தண்ணீர். தோட்டத்தில் பேரலில் டீசல் வாங்கி வைத்து ஊற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேரலில் வேர்க்கும் நீரும் தூசும் நேராக அங்கேதான் போய்ச் சேரும். டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்துவிட ஐந்து நிமிடம் போதும், செலவே கிடையாது.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார் மெக்கானிக். குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். லேசான ஆவிதான் வந்தது. "இன்ஜின் தேவலை" என்றார். மச்சானின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. டர்போவின் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் அதோடு வீட்டுக்குத் திரும்பியிருப்போம். புது டர்போ லட்சத்தைத் தொடும். ரீகண்டிஷனே 25, 30 ஆயிரம்.

இ.ஜி.ஆர். வால்வைச் சுற்றித் தார் மாதிரி கரி அப்பியிருந்தது. கழற்றிக் கழுவ 7 ஆயிரம். நகரத்துக்குள்ளேயே ஓடிய வண்டி என்பதற்கு அதுவே சாட்சி என்றார்.

இதே பிரச்னையின் பெரிய அண்ணன் பி.எஸ். 6 வண்டிகளில் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் பிக்கப் என்றால் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரி எரிந்துபோக நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளின் வடிகட்டி அமைப்பில் குறை இருந்ததாக 2022-ல் அங்கே ஃபெடரல் கோர்ட்டே சொன்னது. சுமார் 2,60,000 வண்டிகள் சம்பந்தப்பட்ட வழக்கு அது. நாங்கள் பார்த்தது பி.எஸ். 4 வண்டி என்பதால் அந்தக் கவலை எங்களுக்கு இல்லை.

அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும்

பட்டறை லிஃப்ட்டில் வண்டி ஏறியதும் மேலே பளபளத்த வண்டிக்கு வேறு முகம் வந்தது.

டபுள் கேப் பிக்கப் ஐந்தேகால் மீட்டர் நீளம். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸில் வரை போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை இரண்டு துண்டாகச் செய்து, நடுவில் ஒரு பேரிங்கில் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. முதல் கியரில் கிளம்பும்போது சீட்டுக்கு அடியில் 'தடதட' என்று ஒரு நடுக்கம் வந்ததே, அதற்குக் காரணம் இதுதான். கிராஸ் இரண்டும் கிரீஸ் பார்த்துப் பல நாளாகியிருந்தது. எல்லாம் சேர்த்து 13 ஆயிரம்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். லோடு தாங்கத்தான் அது. காலியாகப் போனால் குதிக்கும், அதற்காக மெக்கானிக்கைத் திட்ட முடியாது. ஆனால் பட்டைக் கண்ணில் இருக்கும் புஷ் போனால் குதிப்போடு சத்தமும் சேர்ந்துகொள்ளும். புஷ், ஷாக் அப்சார்பர் சேர்த்து 16 ஆயிரம். முன்பக்கம் பால் ஜாயின்ட், ஆர்ம் புஷ் 24 ஆயிரம்.

அடுத்துத்தான் மச்சான் எதிர்பார்க்காத வேலையைச் செய்தார். பின்தொட்டியில் விரித்திருந்த பிளாஸ்டிக் லைனரைக் கழற்றச் சொன்னார். புரோக்கர் முகம் கோணினார்.

"யூரியா மூட்டை கிழிஞ்சு கொட்டியிருந்தா, லைனருக்கு அடியில தண்ணியோட சேர்ந்து தகரத்தைத் தின்னுடும் அண்ணா. மேலே இருந்து பார்த்தா தெரியாது."

இரண்டு இடத்தில் மேலோட்டமான துரு, அவ்வளவுதான். சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினார். இல்லை. இருந்திருந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்பது அவர் கட்சி. அதிக பாரமோ விபத்தோ, இரண்டில் ஒன்று நடந்திருக்கும்.

ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் போட்டுப் பார்த்தோம். வருடக்கணக்கில் போடாமலே விட்டால் அது இறுகிவிடும். அதற்காக ஆசைப்பட்டுத் தார் ரோட்டில் போட்டு ஓட்டவும் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கியர்களைப் பதம் பார்த்துவிடும்.

கிளட்ச்? மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆர்.பி.எம். எகிறியது, வண்டி எகிறவில்லை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கியர்பாக்ஸ் இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 40 ஆயிரம். சில மாடல்களில் டூயல் மாஸ் ஃபிளைவீல் இருக்கும். அதுவும் போயிருந்தால் இந்தத் தொகை இரட்டிப்பாகும். டயர் நான்கும் தேய்ந்திருந்தன. ஒன்று 14 ஆயிரம் என்றால் 56 ஆயிரம். எல்லா ஆயிலும் ஃபில்டர்களும் மாற்ற 16 ஆயிரம். இந்த இன்ஜினுக்கே ஏழெட்டு லிட்டர் ஆயில் வேண்டும்.

ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் கூட்டிப் போட்டார் மெக்கானிக். 1,87,000.

இதெல்லாம் வெளிப் பட்டறைக் கணக்கு, தோராயம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கூடும். பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு ஒரு நடை போய்வந்தால் சில சாமான்களில் குறையும். இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். சென்னைக்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். ஆனால் பழைய சாமானை கண்ணாடி, கதவு, லைட், பம்பர் வரை வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் பக்கம் போகவே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்தான். முன்பு பல பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

8.40-க்கு முடிந்த பேரம்

அந்த டைரிப் பக்கத்தை புரோக்கரிடம் காட்டினோம். "எட்டு வருஷ வண்டின்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் சார்" என்றார். உண்மைதான். அதனால்தான் விலையும் எட்டு வருட வண்டிக்கானதாக இருக்க வேண்டும் என்றேன். முழு 1.87 லட்சத்தையும் யாரும் குறைக்க மாட்டார்கள். இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் 9.25 லட்சம் 8.40 ஆனது. மச்சான் எட்டு லட்சத்து முப்பதாயிரத்திலேயே தலையாட்டியிருப்பார் என்று புரோக்கர் நினைத்திருக்க வேண்டும். அவர் 9.25-க்கே தலையாட்டியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்!

பத்தில் 8.40 போனால் மீதி 1.60 லட்சம். இன்ஷூரன்ஸுக்கும் பெயர் மாற்றும் செலவுக்கும் 24 ஆயிரத்தை முதலிலேயே எடுத்துத் தனியே வைத்தாள் தங்கச்சி. பாக்கி 1.36 லட்சத்துக்குள் எது முதலில் என்று மெக்கானிக் பிரித்துக் கொடுத்தார். நடுரோட்டில் நிறுத்திவிடக் கூடியவையும் உயிருக்கு ஆபத்தானவையும் முதலில். கிளட்ச், வால்வு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆயில் சர்வீஸ், முன் சஸ்பென்ஷன், இரண்டு டயர். சரியாக 1.36 லட்சம் வந்தது. பின்பக்க புஷ், இ.ஜி.ஆர்., மீதி இரண்டு டயர் தள்ளிவைக்கப்பட்டன. புது டயர் இரண்டையும் முன்னால் போடலாம் என்றார் மச்சான். "பின்னாலதான் போடணும் அண்ணா, மழையில பின்பக்கம் வழுக்கினா பிடிக்க முடியாது" என்று மறுத்துவிட்டார் மெக்கானிக்.

இன்னொன்றையும் சொன்னார். வண்டி வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தக்காளியை வாடகைக்கு ஏற்றி, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். மச்சான் மனதில் அப்படி ஒரு வருமானக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது. அம்மாவுக்கு ஏற கஷ்டமாக இருக்கிறது என்று லேத்தில் சொல்லி ஒரு படி அடித்து மாட்டியிருக்கிறார்கள், 1,800 ரூபாய். இ.ஜி.ஆர். கழுவியாயிற்று. ஆனால், அப்போது ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் மூன்றாவது இன்ஜெக்டர் டீசலை அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்திருக்கிறது. டைரிக் கணக்கில் இல்லாத செலவு. இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்கிறார் மெக்கானிக்.

வளையல் இரண்டும் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. தோட்டத்துக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் மச்சானிடமிருந்து இருநூறு ரூபாய் வாங்கி, சமையலறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறாள் தங்கச்சி. பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 'மூணாவது இன்ஜெக்டர்' என்று எழுதியிருக்கிறது.